தண்ணீர் நிற்காத குட்டை

பொற்கொடிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரர் ஊற்றிய பாலையே இரண்டு தடவை முகர்ந்து பார்ப்பாள். பாவம், சந்தேகப்பட வேண்டிய ஆளை மட்டும் விட்டுவிட்டாள்.

சித்திரையில் அவள் காட்டை ஒட்டிய குட்டை வெடித்துக் காய்ந்து கிடந்தபோது, கழுத்தில் கேமராவோடு ஆஷ்லி என்ற பெண் கோயமுத்தூரிலிருந்து வந்தாள். மழைக்கு மட்டும் நிறைகிற குட்டைகளை யாரும் மூடிவிடாமல் காப்பாற்றப் பட்டியல் எடுக்கிறாளாம். பொற்கொடி நம்பவில்லை. கருமத்தம்பட்டி இடத் தரகர் தமிழ்ச்செல்வன் முந்தின வாரம்தான் வீடு தேடி வந்து மோர் குடித்தார். "ஏனுங்க அக்கா, குட்டைன்னு எழுதிட்டாங்கன்னா பக்கத்துல இருக்கற உங்க ஒண்ணரை ஏக்கராவும் போயிருமுங்க" என்று உருகிவிட்டுப் போனார்.

"இங்க எத்தனை மாசம் தண்ணி நிக்குமுங்க அக்கா?" என்றாள் ஆஷ்லி.

"தண்ணியா? ஒரு சொட்டு நின்னதில்லீங்க அம்மணி."

ஆஷ்லி குனிந்து ஒரு நத்தை ஓட்டைப் பொறுக்கினாள். "அப்ப இது?"

"கொக்கு எங்கிருந்தாச்சும் தூக்கியாந்து போட்டிருக்குமுங்க."

சொன்னதை ஆஷ்லி எழுதி நீட்டினாள். பொற்கொடி எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தே கையெழுத்துப் போட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் கையாலும் கெட்டாள்.

ஐப்பசியில் மழை கொட்டியது. குட்டை முழங்கால் ஆழத்துக்கு நிறைந்தது. அந்தத் தண்ணீர் ஊறித்தான் அவள் கிணற்றில் நீர் ஏறும். கிணற்றை நம்பித்தான் சின்ன வெங்காயம் நட்டிருந்தாள். மூன்றாம் நாளே டிப்பர் லாரி வந்து குட்டைக்குள் மண்ணைக் கொட்டியது.

ஓடிப்போய் மறித்தாள். லாரியிலிருந்து இறங்கியவர் தமிழ்ச்செல்வன்.

"பட்டியல்ல இந்தக் குட்டை இல்லீங்க அக்கா. தண்ணியே நிக்காதுன்னு நீங்கதானுங்களே கையெழுத்துப் போட்டீங்க? காஞ்ச காட்டுல சைட் போடறோமுங்க."

மரியாதையில் ஒரு 'ங்க' குறையவில்லை. விறுவிறுவென்று தண்ணீருக்குள் இறங்கி, லாரிக்கு முன்னால் நின்றுகொண்டு போனை எடுத்தாள். ஆஷ்லி கூப்பிட்டால் எடுக்கக் கூடாது என்பதற்காகவே பெயர் போட்டு வைத்திருந்த நம்பர் அது.

"அம்மணி, அன்னைக்குப் பொய் சொல்லிப்போட்டேனுங்க. இப்ப முழங்காத் தண்ணியில நின்னுட்டுத்தான் பேசறேன். மண்ணைக் கொட்டறாங்க, சீக்கிரம் வாங்க கண்ணு!"

"அன்னைக்கு நிக்காதுன்னு கையெழுத்தே போட்டீங்க" என்றாள் ஆஷ்லி. "இப்ப நிக்குதுன்னு சொல்லச் சொன்னது யாருங்க அக்கா?"