வரப்பில் எழுந்த மேடு

எண்பத்திரண்டில் பாகூர் ஏரிக்கு அப்பால் எண்ணெய் தேடும் முகாம் போட்டிருந்தார்கள். பி.எஸ்ஸி. முடித்த எனக்கு அங்கே தற்காலிகமாகக் கணக்குப் போடும் வேலை. நிலைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று வீட்டில் முடிவு. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, சோறு இறங்கவில்லை.

பூமிக்குள் வெடி வைப்பார்கள். அதிர்வு ஆழத்துப் பாறையில் பட்டுத் திரும்பும். நேர்கோட்டில் வரிசையாக நட்ட ஜியோபோன் என்ற கருவிகள் அதைக் கேட்க, காகிதத்தில் நெளிநெளியாகக் கோடுகள் விழும். வெடியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று பார்த்து நேரத்தைத் திருத்தி, கோடுகளைக் கூட்டினால் இரைச்சல் அடங்கிப் பாறை தெரியும். முகாம் அதிகாரி சாமிநாதன் சார் கற்றுக்கொடுத்த அரிச்சுவடி இதுதான்.

அன்று கூட்டியபோது பாறை நடுவில் மேடாகத் தூக்கி நின்றது. மேடு என்றால் எண்ணெய் தங்கியிருக்கலாம். சார் எழுந்தே விட்டார். "செல்வி, இது சரியா இருந்தா உன் வேலைக்கு நானே எழுதறேன்."

வீட்டுக்கு ஓடினேன். அப்பா இன்னாசிமுத்து அதே முகாமில் ஜியோபோன் நடும் கூலி. மேடு தெரிந்த இடத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"நடேசன் கழனியா? முந்தாநாள்தான் நடவு. நாத்த மெதிச்சிகினு எவன் எறங்குவான்? எல்லாத்தையும் வரப்புல குத்திட்டேன்."

"சொல்ல வேணாமாப்பா?"

"இதுல இன்னாடி சொல்றதுக்கு?"

வரப்பு வெடிக்குக் கிட்டத்தில் இருந்தது. எதிரொலி முந்தி வந்திருக்கிறது, அதை நான் மேடாக்கிவிட்டேன். வாயை மூடிக்கொண்டால் வேலை உறுதி. மூட முடியாத வாய் எனக்கு, காலையில் சொல்லிவிட்டேன்.

சார் முகம் சுருங்கியது. "மறுபடி வெடி வைக்கறோம். நீயே நின்னு கோட்டுல நட வை. இல்லன்னா வராத."

கழனியில் நாற்று அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது.

"எறங்குப்பா," என்று கத்தினேன்.

"நீ எறங்குடி."

காலைத் தூக்கினேன். வைக்க வரவில்லை. அப்பாவைத் திட்டினேன், எண்ணெயைத் திட்டினேன். கடைசியில் வரப்பிலேயே நடச் சொல்லி, ஒவ்வொன்றும் வெடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று நானே டேப் பிடித்து அளந்தேன்.

"கோட்டுல நடல சார். ஆனா எங்க நட்டோம்னு அளந்திருக்கேன்."

அந்தத் தூரங்களை வைத்துக் கூட்டினோம். பாறை தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது.

"மேடு போச்சு."

"போச்சு சார்," என்றேன். அழுகை வந்தது.

"நாளைக்கு அடுத்த கோடு. அதுவும் நடவு வயல்தான். டேப்ப மறக்காத."

அன்றுதான் உட்கார்ந்து வயிறாரச் சோறு தின்றேன்.