மூணாவது கதவு

மேடையில மூணு கதவு. ஒண்ணுக்கும் பின்னால வீடு கிடையாது.

பிளைவுட்டுல அடிச்சு பச்சை பெயின்ட் பூசுன கதவுங்க. முன்னால இருந்து பாத்தா பெத்லகேம். பின்னால போனா முட்டுக் கொடுத்த கம்பு, ஆணி, ஒரு ஸ்டூல்.

அந்த ஸ்டூல்லதான் பிலோமினா உக்காந்திருப்பா. மூணாவது கதவுக்குப் பின்னால. பத்தொம்பது வருஷமா.

மடியில வசன நோட்டு. ஒரு கையில டார்ச். இன்னொரு கையில கதவ இழுக்குற கயிறு. வசனம் மறந்தவங்களுக்கு எடுத்துக் கொடுக்குறது அவ குரல். சனங்க அந்தக் குரலக் கேட்டதே இல்ல. கேட்டுட்டா, அவ வேலைய அவ சரியா பாக்கலன்னு அர்த்தம்.

மேல தகரக் கூரை. தகரத்து மேல மார்கழி மழை.


கரைவிளக்கு நாடகக் குழுன்னா பெரிய கம்பெனி ஒண்ணும் இல்ல. தூத்துக்குடியில, கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி, பதினாலு பேரு. ஒருத்தருக்கு ஐஸ் பேக்டரியில வேலை. ஒருத்தருக்கு போஸ்ட் ஆபீஸ். பிலோமினாவுக்குத் தையல் கடை.

வருஷத்துக்கு ஒரு தடவ, கிறிஸ்மஸுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை, பழைய மீன் ஏலக் கூடத்துல கலைவிழா. டிக்கெட் கிடையாது. சேரும் கிடையாது. அவங்கவங்க வீட்டுல இருந்து தூக்கிட்டு வரணும்.

பாட்டு. பிள்ளைங்க டான்ஸ். கடைசியில நாடகம். சூசையப்பர் நிறைமாசமா இருக்குற மாதாவக் கூட்டிக்கிட்டு, தங்க இடம் கேட்டு மூணு கதவத் தட்டுவாரு.

மொத ரெண்டு கதவுக்கு வசனம் உண்டு. மூணாவதுக்குக் கிடையாது.

அது குழுவோட வழக்கம். மூணாவது கதவுல சூசையப்பர் சொந்த வார்த்தையிலதான் பேசணும். அந்த வருஷம் தெருவுல நடந்தத எல்லாம் சொல்லணும். யாரு வீட்டுல தண்ணி புகுந்துச்சு. யாரு கடலுக்குப் போயி திரும்பல. யாருக்கு ஏழு வருஷம் கழிச்சு பிள்ளை பொறந்துச்சு. சொல்லி முடிச்சு, "கதவத் திறங்க"ம்பாரு. அந்த வார்த்தை கேட்டாத்தான் பிலோமினா கயித்த இழுப்பா.

நோட்டுல அந்தப் பக்கம் காலி. வெறும் வெள்ளைத் தாளு.

சனங்க மழையில சேரத் தலையில கவுத்திக்கிட்டு வர்றது அந்த வெள்ளைத் தாளுக்குத்தான். தன் வீட்டுப் பேரு வருமான்னு கேக்க.


இருபத்திரெண்டு வருஷமா சூசையப்பர் கஸ்பார் அண்ணன். நெட்டையான மனுஷன். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேக்குற தொண்டை.

ஐப்பசியில ஒரு நாள், ஒத்திகை முடிஞ்சு பிலோமினா வீட்டுல கஞ்சி குடிச்சாரு. வெளிய மழை. ஒரு வாய் வச்சவரு நிறுத்திட்டாரு.

"பிலோ, அந்த... அந்த வெள்ளைய எடு."

"எத அண்ணே?"

"அதாம் பிள்ள. வெள்ளை." விரல கிண்ணத்து மேல கிள்ளிக் கிள்ளிக் காட்டுனாரு.

உப்பு.

நாப்பது வருஷம் உப்பளத்துல மேஸ்திரியா நின்ன மனுஷன். அவரு வாயில உப்புங்கிற வார்த்தை இல்ல.

தலையில சின்னதா ஒரு அடைப்புன்னு டாக்டர் சொன்னாராம். வார்த்தை போகுமாம், வருமாம். எது போகும், எப்ப வரும்னு தெரியாதாம். "யாருட்டயும் சொல்லிராத பிலோ"ன்னாரு. பிலோமினா சொல்லல.

சொல்லாத ஒண்ணு உள்ள கெடந்து கனத்துச்சு.


செயலாளர் லியோனுக்கு சந்தேகம் வந்துருச்சு. ரெண்டு ஒத்திகையில கஸ்பார் அண்ணன் நடுவுல நின்னு போனத அவன் பாத்தான்.

"எக்கா, மூணாவது கதவுப் பேச்ச நான் பேசிப் பதிஞ்சு லேப்டாப்புல வச்சிருக்கேன். அவரு நின்னாருன்னா போட்டுருவேன். அடுத்த வருஷத்துல இருந்து பதிவுதான், வேற ஆளுதான்."

"அவரு நிக்க மாட்டாரு. நான் பொறுப்பு."

"அவரு மானம் போயிரக் கூடாதேன்னுதாங்க்கா சொல்லுதேன்."

நல்லவன்தான் லியோன். அதான் அவளுக்கு இன்னும் பயம். கெட்டவன்னா சண்டை போட்டுத் தொலைக்கலாம்.

அன்னைக்கு சாயங்காலமே பிலோமினா குடையத் தூக்கிட்டு வீடு வீடாப் போனா. தைச்ச துணி கொடுக்குற சாக்குல சேதி கேட்டா. கேட்டத எல்லாம் எழுதுனா. பத்தொம்பது வருஷமா காலியாக் கெடந்த பக்கத்துல, அவ கையெழுத்து.

செய்யக் கூடாதது. தெரிஞ்சேதான் செஞ்சா.


இப்ப கதவுச் சந்துல ஒத்தக் கண்ண வச்சுப் பாத்துக்கிட்டிருக்கா.

மொதக் கதவு. தட்டுனாரு. பேசுனாரு. ஒரு சொல்லும் தப்பல.

ரெண்டாவது கதவு. ஒரு எடத்துல தடுமாறுனாரு. அவ கிசுகிசுன்னு எடுத்துக் கொடுத்தா. புடிச்சுக்கிட்டாரு. மழைச் சத்தம் அவ குரல மூடிக்கிச்சு. மழை நல்லதுன்னு நெனச்சா.

மூணாவது கதவு.

தட்டுனாரு. ஒண்ணு. ரெண்டு. மூணு.

அப்புறம் ஒண்ணுமில்ல.

வாயத் தொறந்தாரு. மூடுனாரு. மழை ஓங்கி அடிச்சுச்சு. ஒட்டுத் தாடி ஆடுது. மாதா வேஷம் போட்ட பிள்ளை அவரு சட்டையப் புடிச்சுக்கிச்சு. அந்தப் பக்கம் லியோன். லேப்டாப் வெளிச்சம் அவன் முகத்துல. விரல் பட்டன் மேல.

பிலோமினா கிசுகிசுத்தா. அவருக்குக் கேக்கல. தகரம் இரையுது. இன்னும் சத்தமா சொன்னா. கேக்கல. லியோனோட விரல் அசையுது. அவ மூச்ச இழுத்து, தொண்டைய விட்டே சொன்னா.

"இந்த வருஷம் லூர்தம்மா வீட்டுச் சுவரு இடிஞ்சுச்சு!"

அந்த நேரம் பாத்து மழை நின்னுச்சு.

சட்டுன்னு. யாரோ குழாய மூடுன மாதிரி. கூடம் முழுக்க அவ குரல் மட்டும். கதவு பேசுன மாதிரி.

முன்னூறு பேரும் கேட்டாச்சு. வெள்ளைத் தாளுல எழுதியாச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. பிலோமினா நோட்ட மூடுனா. டார்ச் வெளிச்சம் கதவு முதுகுல விழுந்துச்சு.

கூரையில இருந்து சொட்டு. சொட்டு. சொட்டு.

கஸ்பார் அண்ணன் கதவப் பாத்து மெல்ல சிரிச்சாரு.

"பிலோ. அது நீ எழுதுனது பிள்ள. என்னுது இல்ல."

சனங்க பக்கம் திரும்புனாரு. தாடியக் கழத்திக் கையில வச்சுக்கிட்டாரு.

"இந்த வருஷம்... எனக்கு வார்த்தை போகுது. நாப்பது வருஷம் உப்பளத்துல வெந்தவன். ஒரு நாளு உப்புக்கு... பேரு தெரியாம முழிச்சேன். இதாம் என் வீட்டுச் சேதி. வேற... வேற வரல."

ஒரு பிள்ளை இருமுச்சு.

அப்ப மூணாவது வரிசையில இருந்து லூர்தம்மா குரல்.

"ஏ கஸ்பாரு! உனக்குப் பேருதானய்யா மறந்துச்சு. நான் கொழம்புல உப்புப் போட்டத மறந்து ரெண்டாந்தடவையும் போட்டுட்டேன். எம் மருமகளக் கேட்டுப் பாரு!"

"நாலு நாளு அந்தக் கொழம்புதான் மாமா!"ன்னு மருமக.

கூடம் சிரிச்சுச்சு. சிரிப்பு அடங்குறதுக்குள்ள லூர்தம்மா சேரப் புடிச்சு எந்திரிச்சா. "எஞ் சுவரு இடிஞ்சத நானே சொல்லிக்கிடுதேன். இடிஞ்சுச்சுய்யா. தெரு நின்னு தூக்கிக் கட்டுச்சு."

பின்னால ஒருத்தர் எந்திரிச்சாரு. "எம் மவன் வலை எடுக்கப் போனவன், வரல"ன்னாரு. ஒரு பிள்ளை, "எங்க வீட்டுல தங்கச்சிப் பாப்பா"ன்னுச்சு. அடுத்தது ஒருத்தி. அடுத்தது ஒருத்தன். நனைஞ்ச சேருங்க கிறீச்சிட, ஒண்ணு ஒண்ணா.

கஸ்பார் அண்ணன் ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டுனாரு. கேட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான் செஞ்சாரு.

லியோன் லேப்டாப்ப மூடுனான். அவன் முகத்துல இருந்த வெளிச்சம் போச்சு.


எல்லாரும் சொல்லி முடிச்சாச்சு. கஸ்பார் அண்ணன் கதவுப் பக்கம் திரும்புனாரு.

"கதவ..."

நின்னாரு.

"கதவ..."

அடுத்த சொல்லு வரல. ஒரே ஒரு சொல்லு. அது வராம கயித்த இழுக்கக் கூடாது. பத்தொம்பது வருஷத்துல ஒரு தடவகூட அப்படி இழுத்ததில்ல.

மெதுவா, மழை திரும்பத் தூற ஆரம்பிச்சுச்சு.

அவரு கைய ஓங்கி தட்டுனாரு. ஒண்ணு. ரெண்டு. மூணு. பிளைவுட்டு வழியா அந்தத் தட்டு அவ நெஞ்சுல வந்து விழுந்துச்சு.

பிலோமினா எந்திரிச்சா. நோட்டு மடியில இருந்து நழுவிக் கீழ விழுந்துச்சு. எடுக்கல. கயித்த இழுத்தா.

கதவு தொறந்துச்சு. பின்னால வீடு கிடையாது. முட்டுக் கம்பு. ஆணி. ஒரு ஸ்டூல். கையில டார்ச்சோட, எல்லாரும் பாக்க, ஒருத்தி.

"உள்ள வாங்க அண்ணே"ன்னா. சத்தமா.