பட்டியலில் ஒரு பெருக்கல் குறி

சோலா என்ற தீவு ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலி கேஸ் சிலிண்டரை இரும்புத் தடியால் அடித்தால் சர்ச்சுக்குப் போக வேண்டும். மற்ற நாளில் விடாமல் அடித்தால் மலைக்கு ஓட வேண்டும். அன்று சனிக்கிழமை. காலை ஒன்பதே முக்காலுக்கு நிலம் ஆடியது. சந்தையில் கிழங்கு விற்றுக்கொண்டிருந்த பெண்கள் வழக்கம்போல முதலில் சிரித்தார்கள். ஆட்டம் நிற்கவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் போனதும் சிரிப்பு நின்றது, சிலிண்டர் சத்தம் ஆரம்பித்தது.

மலை என்றால் டெலிபோன் கோபுரம் நிற்கும் மேடு. பத்து மணிக்கெல்லாம் கரைப்பகுதி ஜனம் முழுக்க அங்கே ஏறிவிட்டது. மாகாணத் தலைநகரம் என்று பெயர்தான் பெரிது. அந்த ஒரு மேட்டில் கரைப்பகுதி மொத்தமும் அடங்கிவிடும், பாய் விரிக்கக்கூட இடம் மிஞ்சும். மாகாண அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் பார்னபஸ் ஒரு பாறை மேல் ஏறி நின்று பெயர்ப் பட்டியலை வாசித்தான். மைக் தேவைப்படாத தொண்டை அவனுக்கு.

"ஹேரிசன் வொலெக்!"

"இருக்கேன்!"

"எஸ்லின்!"

"இருக்கேன்."

இரண்டு பெண் பிள்ளைகளின் பெயரையும் வாசித்தான். அவர்களும் கத்தினார்கள். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. கடைசிப் பெயருக்கும் பதில் வந்ததும் பார்னபஸ் தாளை உயர்த்திப் பிடித்தான்.

"எல்லாரும் வந்தாச்சு! ஒரு கோழிகூட கீழ இல்ல!"

"என் கோழி ஆறும் கீழதான்டா இருக்கு, நீ போய்ப் புடிச்சிட்டு வா!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். பயந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு, கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டது.

ஹேரிசன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பட்டியலை எழுதியவனே அவன்தான். விமான நிலையத்தில் புல் வெட்டுவது, பயணிகளை எடை போடுவது, பெயர் எழுதுவது எல்லாம் அவன் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று மலைக்கு ஓடுவதைக் கவனிக்கும் கமிட்டி போன வருஷம் இந்த வேலையையும் அவன் தலையில் கட்டியது. வீடு வீடாக எழுதினான். தன் வீட்டுக்கு வந்தபோது நாலு பெயர் எழுதி, ஐந்தாவது வரியில் பேனா நின்றது. அது, அதே வளவில் தனிக் குடிசையில் இருக்கும் மாமியாரின் பெயர். மருமகன் அந்தப் பெயரைச் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். மலையேறும் ஒத்திகை நடந்த அன்று மாமியார் மோட்டாத் தீவில் தங்கை வீட்டில் இருந்தாள். அதனால் அந்தக் குறியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவள் மேட்டில் இருக்கிறாளா இல்லையா என்று பார்க்கவும் அவனுக்குத் தெரியவில்லை. பதினான்கு வருஷமாக அவள் இருக்கும் திசையில் கண்ணைத் திருப்பாமல் பழகியவன்.

"எஸ்லின், அவங்க எங்க?" என்று கேட்டான். புருஷன் பெண்டாட்டிக்குள் 'அவங்க' என்றால் ஒரே ஆள்தான்.

"சைலஸ் அண்ணன் வீட்டு ஆளுங்களோட வந்திருப்பாங்க."

எஸ்லினின் அண்ணன் சைலஸ் படகில் போயிருந்தான், அவன் பெயருக்கு வீட்டார் பதில் சொல்லியிருந்தார்கள். அவன் மனைவி ஜோஸ்லின் திரும்பிப் பார்த்தாள். "அத்தையா? உங்களோட வந்திருப்பாங்கன்னுல்ல நான் நெனச்சேன்! காலைல லாப்லாப் பண்ண, கிழங்கு மாவைச் சுத்தறதுக்கு இலை வெட்டணும்னு ஓடைப் பக்கம் போனாங்களே..."

எஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடை விமான ஓடுபாதையின் மறுகோடியில், கடலுக்கு இருநூறு அடியில் இருக்கிறது. அருவி மாதிரி விழும் இடம். அங்கே நின்றால் சிலிண்டர் சத்தம் கேட்காது.

பார்னபஸ் தாளைக் கண்ணருகே கொண்டுபோனான். "அந்த வரில பெருக்கல் குறி இருந்துச்சே மச்சான்! செத்துப்போனவங்களுக்குத்தானே அப்படிப் போடுவோம்? அதான் தாண்டிட்டேன்..."

எஸ்லின் எழுந்து ஓடப் பார்த்தாள். எட்டு மாத வயிறு. ஹேரிசன் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

"யாரும் எறங்கக் கூடாது!" என்று போலீஸ்காரர் அவன் சட்டையைப் பிடித்தார். "நாட்டுத் தலைநகர் விலாவுல இருந்து சொல்லிட்டாங்க. பத்தரைக்குள்ள அலை வந்துடும். இப்ப மணி பத்து பத்து."

சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. ஹேரிசன் ஓடிவிட்டான்.

பாதி இறக்கத்தில்தான் அவனுக்கு உறைத்தது. பார்னபஸையோ வேறு யாரையோ கூட்டி வந்திருக்க வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட உரிமை உள்ள ஒரு ஆளை. திரும்பிப் போக நேரமில்லை. தன்னைத் தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓடினான்.

ஊர் காலியாகக் கிடந்தது. சந்தையில் பாய்கள் விரித்தபடி இருந்தன, தேங்காய்கள் தெருவில் உருண்டு கிடந்தன, வங்கிக் கதவு திறந்து கிடந்தது. யாரோ கட்டி வைத்துவிட்டுப் போன பன்றி ஒன்று அலறிக்கொண்டிருந்தது. துறைமுகத்தைப் பார்த்தான். கடல் இல்லை. படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. அவன் பிறந்ததிலிருந்து தண்ணீருக்கு அடியில் இருந்த பாறைகள் எல்லாம் வெயிலில் மினுங்கின. மீன்கள் துடிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்தான் அவனை மிகவும் பயமுறுத்தியது.

"ஹோய்!" என்று கத்திக்கொண்டே ஓடுபாதையைக் கடந்தான். "ஹோய்! கடல் வருது!"

ஓடைக்கு வந்தான். பாதையில் வெட்டிய இலைக்கட்டு கிடந்தது. பக்கத்தில் கத்தி, அதில் இலைப்பால் இன்னும் காயவில்லை. ஆளைக் காணோம்.

அப்போதுதான் அவனுக்கு எல்லாம் புரிந்தது. இந்தப் பாதையில் வரும்போதெல்லாம் அவன் தூரத்திலேயே இருமுவான். இருமல் கேட்டால் மாமியார் பாதையை விட்டு விலகி, ஒரு மரத்துக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். அவன் காலடி தாண்டிப் போனபிறகுதான் வெளியே வருவாள். அவளைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நீலப்பூ கவுனின் ஓரமும் வெடித்த குதிகால்களும்தான். ஓடை இரைச்சலில் சொல் போகாது, குரல்தான் போகும். மருமகன் குரல் கேட்டதும் அவள் மரியாதையாக ஒளிந்துகொண்டுவிட்டாள். அவன் கத்தக் கத்த அவள் இன்னும் நன்றாக ஒளிவாள். நாலு அடியிலும் இருக்கலாம், நாற்பது அடியிலும் இருக்கலாம். அத்தனையும் ஆலமரங்கள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குடும்பமே நிற்கலாம்.

ஒவ்வொரு மரமாகச் சுற்ற நேரமில்லை. ஓடைத் தண்ணீர் கடலைப் பார்த்து, யாரோ இழுப்பதுபோல, வேகமாக வடிந்துகொண்டிருந்தது. எந்த இரைச்சலிலும் ஒரு மனுஷிக்குக் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்.

வாய் திறக்கவில்லை. கடலுக்குப் பயந்ததைவிட இதற்கு அதிகமாகப் பயந்தான். ஊர் முகத்தில் எப்படி விழிப்பது? எஸ்லின் என்ன சொல்வாள்? பிறகு எங்கோ ஒரு பறவைக்கூட்டம் மொத்தமாக எழுந்து பறந்தது.

"ரோமலேன்!" என்று கத்தினான். "ரோமலேன்! ரோமலேன்!"

பத்தடியில் இருந்த ஆலமரத்துக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். முகத்தை மறைக்க எடுத்த இலையைத் தலைக்கு மேலேயே பிடித்திருந்தாள். முகம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தை அவன் முதல் தடவையாகப் பார்த்தான். மூக்கு அப்படியே எஸ்லின் மூக்கு.

"யாரைப் பேர் சொல்ற நீ? குடிச்சிருக்கியா? பட்டப்பகல்ல!"

"கடல் வருதுங்க! ஊரே மேல இருக்கு!"

அவள் ஓடை கடலில் சேரும் இடத்தைப் பார்த்தாள். வெறும் கல்லாக இருந்தது. கையிலிருந்த இலை விழுந்தது.

"என் முட்டி ஓடாது" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "நீ போ. அவளுக்குப் பிள்ளை வரப்போகுது. போ."

ஹேரிசன் அவளுக்கு முதுகைக் காட்டிக் குந்தினான். "ஏறுங்க. நான் பாக்க மாட்டேன்."

ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு கைகள் அவன் கழுத்தைக் கட்டின. எழுந்தான். எழுபது கிலோ இருக்கும் என்று, அந்தப் பயத்திலும், தொழில் புத்தி கணக்குப் போட்டது.

ஓடுபாதையைக் குறுக்கே கடக்கும்போது பின்னால் விமானம் இறங்கும் சத்தம் கேட்டது. இன்றைக்கு விமானம் கிடையாதே என்று நினைத்தான். மாமியார் திரும்பிப் பார்த்தாள். கழுத்தைக் கட்டிய கைகள் இறுகின, அது கடல் என்று அதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சு வெடிக்க ஓடினான். சரிவில் கால் வைத்தபோது தண்ணீர் முழங்காலைப் பிடித்தது, அடுத்த அடியில் இடுப்பை. அவன் எடைபோடும் கொட்டகையின் தகரக் கூரை பக்கத்தில் மிதந்து போனது. வழியில் இருந்த ஒரு கொய்யா மரத்தை அவள்தான் எட்டிப் பிடித்தாள், அவன் அவளைப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் இழுத்தது, இழுத்தது, பிறகு விட்டது. மேலிருந்து பார்னபஸும் போலீஸ்காரரும் வந்து இரண்டு பேரையும் தூக்கினார்கள்.

காற்று கீழிருந்து மேலே அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் அவன் கத்திய பெயரை மேட்டில் சிலர் கேட்டிருந்தார்கள். எஸ்லின் அழுதுகொண்டே அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மாமியார் கவுனைப் பிழிந்துவிட்டு, ஹேரிசனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இல்லை.

"எஸ்லின், அந்த ஆள்கிட்டச் சொல்லு" என்றாள். "பேரைச் சொன்னதுக்குத் தண்டம் ஒரு பன்னி. கொம்புப் பல்லு வளைஞ்ச பன்னியா இருக்கணும்."

"சரின்னு சொல்லு" என்றான் ஹேரிசன். அவன் பல் குளிரில் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"மூணு தடவை சொன்னான். மூணு பன்னி."

"சரின்னு சொல்லு."

கீழே கடல் மறுபடி பின்வாங்க ஆரம்பித்தது. "ரெண்டாவது அலை பெரிசா இருக்கும், இன்னொரு தடவை எண்ணு" என்றார் போலீஸ்காரர். பார்னபஸ் தாளை விரித்தான். ஹேரிசன் எழுந்து போய், அவனிடமிருந்து பேனாவை வாங்கி, தன் வீட்டின் ஐந்தாவது வரியில் இருந்த பெருக்கல் குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினான். எழுத்து முத்து முத்தாக வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"எழுதினதுக்கு எத்தனை பன்னின்னு கேளு" என்றான் எஸ்லினிடம்.

மாமியார் கவுன் ஓரத்தை இன்னொரு தடவை பிழிந்தாள். பார்னபஸ் வாசிக்கத் தொடங்கினான். முதல் வீடு, இரண்டாவது வீடு. ஹேரிசன், எஸ்லின், இரண்டு பிள்ளைகள். பிறகு ஐந்தாவது வரியை வாசித்தான்.

"ரோமலேன்!"

ஹேரிசன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே அந்த விமானச் சத்தம் மறுபடி எழுந்தது. முதுகுக்குப் பின்னால், இரண்டு முழ தூரத்தில், கரகரத்த ஒரு குரல் கேட்டது.

"இருக்கேன்."