இரண்டாவது சாயா

மாளவிகா கதை எழுதுவது லேபில் யாருக்கும் தெரியாது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு இது மூன்றாவது வருடம். தமிழில் பேச ராஜஸ்ரீ ஒருத்திதான் உண்டு. ராஜஸ்ரீயின் அப்பா திரவியம் பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அதனால் ராஜஸ்ரீக்குத் தமிழ் பேச வரும், ஓர் எழுத்து வாசிக்க வராது. மாளவிகாவும் அப்படி இருந்தவள்தான். திருநெல்வேலியில் கெமிஸ்ட்ரி படித்தபோது பஸ் போர்டுகளைப் பார்த்து எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டாள்.

ராஜஸ்ரீக்கு வாசிக்க வராது என்ற தைரியத்தில்தான் அந்தக் கதையை எழுதினாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஸ்டோர் ரூமில் சாப்பிடும்போது ராஜஸ்ரீ சொன்ன விஷயம் அது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள். மேலே போய் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, எதிரே இருந்த சாயாக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது சாயா வந்தபோது, அப்பா போய்விட்டார் என்று போனும் வந்தது. பஸ் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா இன்றும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

மாளவிகா பெயரை மாற்றினாள். கடையின் பெஞ்சைக்கூட மாற்றவில்லை.

வீட்டில் கேள்வி வரும் என்று பத்திரிகைக்கு லேப் விலாசத்தைக் கொடுத்திருந்தாள். தபால் வந்த நேரத்தில் அவள் ஊசியும் கையுமாக உள்ளே இருந்தாள். ராஜஸ்ரீதான் கவரைப் பிரித்தாள். எழுத்து புரியாவிட்டால் என்ன, கதையோடு மாளவிகாவின் போட்டோ இருந்ததே.

மத்தியானம் பத்திரிகையைச் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, வாசித்துக் காட்டச் சொன்னாள். இத்தனை நாள் மறைத்ததற்குச் செல்லமாக ஒரு கிள்ளும் கொடுத்தாள். மாளவிகா வாசிக்கத் தொடங்கினாள். ஆஸ்பத்திரி வந்ததும் அவள் நாக்கு விலகி ஓடியது. ஆஸ்பத்திரி ரயில்வே ஸ்டேஷன் ஆனது. மகள் மகன் ஆனாள். ஊருக்குப் போகும் அப்பாவை வழியனுப்ப வந்த மகன் வழியில் நின்று நின்று, வண்டி கிளம்புமுன் ஓடி வந்து சேர்ந்தான். தாளில் இல்லாததை வாசிக்கும்போது கண்ணை அச்செழுத்தின்மேலேயே வைத்திருந்தாள்.

ராஜஸ்ரீக்குக் கதை பிடித்திருந்தது. அம்மாவிடம் காட்டுவதாகச் சொல்லிப் பத்திரிகையைப் பைக்குள் வைத்தாள். அம்மா நாகர்கோவிலில் பத்தாவது படித்தவள், தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிப்பாள் என்றாள்.

எழுதிய நாட்களில் ஒரு தடவைகூட மாளவிகாவுக்கு அந்த அம்மாவின் நினைவு வந்ததில்லை. அன்று மத்தியானம் முழுக்க வேறு நினைவே இல்லை. ஒரே டியூபுக்கு இரண்டு தடவை லேபிள் ஒட்டினாள்.

ஐந்து மணிக்கு மாடிப்படியில் ராஜஸ்ரீயை நிறுத்தினாள்.

“அதுல இருக்கது நான் வாசிச்ச கதை இல்ல.”

“பின்னே?”

மாளவிகா பத்திரிகையை வாங்கி, உள்ளதை உள்ளபடி வாசித்தாள். ராஜஸ்ரீ கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். ‘இரண்டாவது சாயாவையும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள்’ என்று கதை முடிந்தது. அந்த வரியைப் பத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டுப் பாராட்டியிருந்தார்.

“ரெண்டாமத்த சாயா நான் குடிச்சேன்னு உங்கிட்ட பறஞ்சேனா?”

“இல்ல.”

“போன் வந்ததும் எழும்பி ஓடினேன். கிளாஸ் தட்டி சுடிதார் எல்லாம் சாயா. அதோடதான் அப்பா பக்கத்துல போய் நின்னேன். அதும் சொன்னேனே.”

“சொன்னே.”

“பின்னே ஏன் குடிக்க வெச்சே?”

அப்படி முடித்தால் கதை நன்றாக இருந்தது. அதுதான் காரணம். மாளவிகா பத்திரிகையை மூடி நீட்டினாள்.

ராஜஸ்ரீ பத்திரிகையைத் திருப்பி வாங்கவில்லை. கதை வந்த விஷயத்தை மத்தியானமே அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டாளாம். “புக்கு காணாம போச்சுன்னு சொல்லிக்கிடுதேன். ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வா. மத்தியானம் எனக்கு வாசிச்சியே, அந்தக் கதைய அம்மாக்குச் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை மாளவிகா போனாள். ராஜஸ்ரீயின் அம்மா சிவகாமியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். சுவரில் திரவியத்தின் படம் இருந்தது. அதைப் பார்க்காமல் மாளவிகா ரயில்வே ஸ்டேஷன் கதையைச் சொன்னாள். இப்போது அச்செழுத்தும் இல்லை, கண்ணை வைக்க இடமில்லை.

“வண்டி எடுக்கதுக்கு முன்னால வந்துட்டான் இல்லியா மக்ளே, அது மதி, அது போதும்” என்றாள் சிவகாமியம்மாள். பிறகு தாழ்ந்த குரலில், “இவளுக்கு அன்னைக்கு பஸ்ஸு கிட்டல்ல, பாவம்” என்றாள்.

ராஜஸ்ரீ அடுக்களையிலிருந்து வந்தாள். மாளவிகா முதல் சாயாவைக் குடித்து வைத்திருந்த காலி கிளாஸை எடுத்துக்கொண்டு போய், நிறைய சாயா ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு நகரவில்லை.

மாளவிகா கிளாஸை எடுத்தாள். சூடு ஆறும்வரைகூடப் பொறுக்காமல், முழுவதையும் குடித்தாள்.