வாழைத்தோப்பில் விழுந்த இரண்டு

பெரிய கடை வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அனீஸுக்கு ஒரே ஒரு பொழுதுபோக்குதான் இருந்தது. தானே பூட்டிச் செய்த ட்ரோனை முடிந்த மட்டும் தூரமாக அனுப்புவான். பிறகு அதைத் திரும்ப வரவழைப்பான். போன இடத்தில் அது எதுவும் செய்யாது, எதையும் கொண்டும் வராது. போகும், வரும், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அவன் மனைவி நஜீமா இதைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டாள். அவன் சொன்ன பதில்களைக் கேட்டபின் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. விமான நிலையம், ஸ்ரீரங்கம் கோபுரம், போலீஸ் ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் தூரமாக, கொள்ளிடத்தின் வடகரையில் வாத்தலைப் பக்கம் ஒரு மணல்மேடு பார்த்து வைத்திருந்தான். பைக்கில் போய், கருவேல மர நிழலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முகத்தில் பாதியை மறைக்கும் காகிள்ஸை மாட்டிக்கொள்வான். அதற்குப் பிறகு அவன் அங்கே இல்லை. ட்ரோனின் மூக்கில் இருக்கும் கேமரா பார்ப்பதை மட்டும் பார்ப்பான். ஆற்று மணல், நாணல், நடுவில் நூல் மாதிரி ஓடும் தண்ணீர், அதில் துணி துவைக்கிறவர்கள்.

அந்த மாசி மாத ஞாயிறும் ட்ரோன் மேற்கே வெகுதூரம் போய் ஒழுங்காகத் திரும்பிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. பேட்டரி மிச்சம் இருந்தது. இருக்கிறதே என்று அனீஸ் ஆற்றை விட்டு விலகி, வாழைத்தோப்புகளுக்கு மேலாகத் தாழ்வாகக் கொண்டு வந்தான். வரப்பில் தென்னைகள் வந்தன. ஒரு தென்னையின் உச்சியை ஒட்டிக் கடக்கும்போது வலப்பக்கத்திலிருந்து செங்காவி நிறத்தில் ஏதோ வந்தது. அப்புறம் வானம், வாழை, வானம், வாழை என்று மாறி மாறித் தெரிந்தன. கடைசியாக எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது.

காகிள்ஸைக் கழற்றிப் பார்த்தால் உலகம் அப்படியேதான் இருந்தது. ஒரு ஆடு அவன் பையை முகர்ந்துகொண்டிருந்தது.

காகிள்ஸில் பதிவான படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தான். வெள்ளைத் தலை, காவி இறக்கை, விரித்த நகங்கள். கருடன். படத்தின் ஓரத்தில் ட்ரோன் கடைசியாக இருந்த இடம் எண்களாக நின்றிருந்தது. அதை போனில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான். போன் கொண்டுபோய் விட்ட இடத்தில் வாழை மரம் இருந்தது. அதற்குப் பக்கத்திலும் வாழை மரம் இருந்தது. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அந்தரத்தில் அடிபட்டது எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தது என்பதும் தெரியவில்லை. தன்னைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கத்த வேண்டிய பஸர் கத்தவில்லை. காலடியில் காய்ந்த சருகு நொறுங்கியது. அடிபட்ட பேட்டரி சில சமயம் தீப்பிடிக்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. அதுவரை ட்ரோனுக்காகத் தேடியவன் அதன்பின் தோப்புக்காகத் தேடினான். இரண்டும் ஒரே தேடல்தான். ஆனால் வேர்வை அதிகமாக இருந்தது.

கடைசியில் நஜீமாவுக்கு போன் செய்தான். அவள் யோசிக்கவே இல்லை.

"ஸ்தனிஸ்லாஸ் அண்ணனைக் கூப்பிடுங்க."

"அவரு என்கிட்ட பேசறதில்லையே."

"நீங்க பேசுங்க. விழுந்தது உங்களதுதானே."

காட்டூர் ஸ்தனிஸ்லாஸ்தான் திருச்சியில் ட்ரோன் விடுகிற ஆறேழு பேருக்கும் மூத்தவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவருடைய ட்ரோன் எருமைகள் படுத்திருந்த ஒரு குட்டையில் விழுந்தது. அதைப் படம்பிடித்த அனீஸ் அதோடு ஓர் ஒப்பாரிப் பாட்டைச் சேர்த்து வாட்ஸாப் குழுவில் போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் குழுவை விட்டு விலகினார். யாரோடும் சண்டை போடவில்லை. விலகினார், அவ்வளவுதான்.

"சொல்லுங்க" என்றார் போனில்.

"அண்ணே, நான் அனீஸ்."

"தெரியுது. சொல்லுங்க."

முன்பெல்லாம் 'என்னடா' என்றுதான் ஆரம்பிப்பார். அந்த 'ங்க' அனீஸை ஓர் அடி பின்னால் தள்ளியது.

"விழுந்துருச்சுண்ணே. வாத்தலைக்கு மேற்க, வாழைத்தோப்பு."

"பஸர் கத்துதா?"

"கத்தல."

"தனி பேட்டரி வச்ச பஸரா?"

"இல்லண்ணே."

தனி பேட்டரி இல்லாத பஸரைப் பற்றி ஸ்தனிஸ்லாஸ் அந்தக் காலத்தில் குழுவில் பலமுறை எழுதியிருந்தார். இப்போது அதில் ஒன்றைக்கூடத் திரும்பச் சொல்லவில்லை.

"ரிமோட்ல சிக்னல் வருதா?"

"விட்டு விட்டு வருது."

"அப்ப இன்னும் உயிர் இருக்கு. ரிமோட்டை அணைக்காதீங்க. வரேன்."

ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு அவர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். காலையில் சர்ச் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். தோளில், அந்தக் காலத்து மொட்டைமாடி டிவி ஆன்டெனா குட்டி போட்டது போல ஒன்று இருந்தது. வந்தவர் எதுவும் கேட்காமல் அதை அனீஸின் ரிமோட்டில் செருகினார். ஆன்டெனாவை ஒவ்வொரு திசையாகத் திருப்பி, திரையில் சிக்னல் எண் எங்கே ஏறுகிறது என்று பார்த்தார். ஏறிய திசையில் இரண்டு பேரும் நடந்தார்கள்.

ஒரு வாய்க்காலைத் தாண்டியதும் மம்பட்டியோடு ஓர் அம்மாள் எதிரே வந்து நின்றார். தோப்புக்காரர் வள்ளிக்கண்ணு.

"யாரு? ரோடு அளக்க வந்தீங்களா?"

"இல்லம்மா" என்றான் அனீஸ். "நாங்க கவர்மெண்ட் இல்ல."

"அப்ப அது எதுக்கு?" ஆன்டெனாவை மம்பட்டியால் காட்டினார்.

அனீஸ் விளக்கினான். பறக்கும், போகும், வரும், இன்று வரவில்லை. வள்ளிக்கண்ணு முழுக்கக் கேட்டார்.

"அனுப்புறது எதுக்கு?"

"திரும்பி வரத்தாம்மா."

அவர் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தார். ஸ்தனிஸ்லாஸ் ஆன்டெனாவைப் பார்த்தார்.

"காலைல தொப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. தார் ஒடிஞ்சு விழுந்துருச்சுன்னு நெனச்சேன். அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டிவிட்டு அவரும் கூடவே நடந்தார். ஆன்டெனாவும் அந்தப் பக்கத்தையே சொன்னது.

ட்ரோன் தரையில் இல்லை. இரண்டு மட்டைகளுக்கு நடுவே, யாரோ பத்திரமாக எடுத்து வைத்தது போலச் செருகிக்கொண்டிருந்தது. ஒரு கை முறிந்திருந்தது. மேலெல்லாம் வாழைக்கறை. ஸ்தனிஸ்லாஸ் முதலில் பேட்டரியைக் கழற்றி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"சூடில்ல. வீங்கவும் இல்ல."

அனீஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த மூச்சை முழுதாக விடுவதற்குள் அடுத்த வரிசையிலிருந்து வள்ளிக்கண்ணுவின் குரல் கேட்டது.

"இங்க வாங்க. இதுவும் உங்களதுதானா பாருங்க."

ஒரு வாழையின் அடியில் முதுகைக் கொடுத்தபடி கருடன் உட்கார்ந்திருந்தது. இடது இறக்கை தரையில் இழுபட்டுக் கிடந்தது. அதன் ஓரத்தில் ரத்தம் உறைந்திருந்தது. அலகைத் திறந்தபடி மூன்று பேரையும் முறைத்தது. அனீஸைக் கொஞ்சம் கூடுதலாக முறைத்தது போல அவனுக்குப் பட்டது.

வள்ளிக்கண்ணு வரப்புத் தென்னையின் உச்சியைக் காட்டினார். அங்கே சுள்ளிகளால் ஆன கூடு இருந்தது. இன்னொரு கருடன் அதற்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது.

"குஞ்சு இருக்கு அதுல. நாங்களே அந்த மரத்துல தேங்கா பறிக்க ஆள் ஏத்தாம விட்டு வச்சிருக்கோம்."

"எனக்குத் தெரியாதும்மா."

"சரி, உங்களுக்குத் தெரியாது. வந்தது பொம்மைன்னு அதுக்கும் தெரியாதுல்ல."

அனீஸ் ட்ரோனைக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பஞ்சுப் பலகையை எடுத்து எறிந்தான். வள்ளிக்கண்ணு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பறவையின் மேல் போட்டு, கோழியைப் பிடிக்கிற லாகவத்தில் அமுக்கி எடுத்தார். கருடன் பெட்டிக்குள் போனது. ட்ரோன் ஒரு உரச்சாக்குக்குள் போனது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார் வள்ளிக்கண்ணு. "நம்பர் குடுங்க." கொடுத்ததும், அங்கேயே அடித்துப் பார்த்து, அனீஸின் சட்டைப் பையில் மணி ஒலிக்கிறதா என்று உறுதி செய்துகொண்டார்.

பைக்கை அங்கேயே விட்டுவிட்டு அனீஸ் ஸ்தனிஸ்லாஸின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினான். மடியில் பெட்டி. மூச்சு முட்டக் கூடாது என்று மூடியைத் திறந்து வைத்திருந்ததால் துண்டுக்குள்ளிருந்து வெள்ளைத் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நம்பர் ஒன் டோல்கேட் சிக்னலில் நின்றபோது பக்கத்துப் பஸ்ஸின் ஜன்னல்களில் ஒவ்வொருவராகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டிரைவரும் போட்டுக்கொண்டார். சிக்னல் விழுந்தும் பஸ் நகரவில்லை. பூக்காரி ஒருத்தி ஓடிவந்து பெட்டிக்குள் கொஞ்சம் துளசி போட்டாள். கருடன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"முன்னால பாத்து உக்காருங்க" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

கொள்ளிடம் பாலம் தாண்டி, திருவானைக்காவல் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் டாக்டர் ஜோதியின் கால்நடை கிளினிக்குக்கு வந்தார்கள். வரவேற்பறையில் பளிச்சென்று திருமண் இட்ட ஒரு பெரியவர் பக் நாயோடு உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஸ்வாமி, எங்கேர்ந்து எழுந்தருளப் பண்ணிண்டு வரேள்?"

சட்டைக்கு வெளியே தொங்கிய சிலுவைச் சங்கிலியை ஸ்தனிஸ்லாஸ் உள்ளே விட்டுக்கொண்டார். "வாத்தலைலேர்ந்துங்க."

"திருமேனில காயமோ?"

"இறக்கைலங்க."

"அடியேன் முறையை எடுத்துக்கோங்கோ. இவன் காத்துண்டிருப்பான்" என்று நாயைக் காட்டினார். நாய்க்கும் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. பெரியவரும் அவர்கள் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார். அவரைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ஜோதி இறக்கையை விரித்துப் பார்த்தார். "எப்படி ஆச்சு? கரண்ட் கம்பியா, மாஞ்சா நூலா?"

இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் முடிந்திருக்கும். கம்பி என்று சொல்ல அனீஸின் வாய் தயாராகக்கூட இருந்தது. பறவை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என் ட்ரோன் அடிச்சதுங்க. கூடு இருக்கறது தெரியாம பக்கத்துல போயிட்டேன்."

ஜோதி காயத்தின் மேல் குனிந்தார். பெரியவர்தான் கேட்டார்.

"அந்த ட்ரோன் என்ன ஆச்சு?"

"உடைஞ்சு போச்சுங்க."

"ஆகும்" என்றார் பெரியவர், நிறைந்த மனத்தோடு.

எலும்பு முறியவில்லை, சதைதான் கிழிந்திருக்கிறது, சில இறகுகள் போயிருக்கின்றன என்றார் ஜோதி. தையல் போட்டார். இந்தப் பறவையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று வனத்துறைக்கு போன் செய்தார். வந்த வனக்காவலர், அடைகாக்கும் காலம், கூடு, சட்டம், பொறுப்பு என்று அனீஸை நிற்க வைத்து வெகுநேரம் பேசினார். அவர் சொன்னது எல்லாமே நியாயமாக இருந்ததால் கேட்பது கஷ்டமாக இருந்தது. குஞ்சு பறக்கும்வரை அந்தப் பக்கம் ட்ரோன் விடுவதில்லை என்று அனீஸ் ஒப்புக்கொண்டான்.

பைக்கை எடுக்க இருவரும் மறுபடி வாத்தலைக்குப் போனார்கள். கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது அனீஸ் ஆரம்பித்தான்.

"அண்ணே, அந்த வீடியோ."

"எந்த வீடியோ?"

"குட்டை."

"ம்."

"தப்புண்ணே. போட்டிருக்கக் கூடாது."

ஸ்தனிஸ்லாஸ் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"விழுந்ததுக்கு நீ சிரிச்சது பரவால்ல. நானே சிரிச்சிருப்பேன். சேத்துல எறங்கித் தேடிட்டு இருந்தேன்ல, அப்ப நீ கரையில நின்னு படம் எடுத்துட்டிருந்த. எறங்கல."

அதைப் பற்றி அனீஸ் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டியது பாட்டுக்கு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். பின்சீட்டில் உட்கார்ந்தபடி, "ஆமாண்ணே, எறங்கல" என்றான். அதற்குமேல் என்ன சொன்னாலும் குறைவாக இருக்கும் போலிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் டோல்கேட்டில் வண்டியை நிறுத்தி இரண்டு டீ சொன்னார். ஒன்றில் சர்க்கரை வேண்டாம் என்றார். அனீஸுக்குச் சர்க்கரை போடாத டீதான் என்பது அவருக்கு மறக்கவில்லை.

மறுநாளிலிருந்து வள்ளிக்கண்ணு போன் செய்ய ஆரம்பித்தார். "இன்னொண்ணு தனியாத்தான் மீன் கொண்டாருது. குஞ்சு உசிரோட இருக்கு." அனீஸ் கடையில் யாருக்காவது கண்ணாடி மாட்டிவிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்த போன் வரும். பிறகு அவர் அனீஸ் வீட்டு நம்பருக்கு அடிக்கத் தொடங்கினார். நஜீமாவும் அவரும் கருடனில் ஆரம்பித்து வேறு எங்கெங்கோ போனார்கள். சில நாட்களில் அனீஸ் சேதி கேட்பதே நஜீமாவிடம்தான்.

காயம் ஆறியதும் வனத்துறையினர் பறவையைத் தோப்புக்கே கொண்டுவந்து விட்டார்கள். கூண்டுக் கதவு திறந்தும் அது சற்று நேரம் வெளியே வரவில்லை. பிறகு வந்தது. இரண்டு அடி தத்தியது. எழும்பியது. ஒரு சுற்று இடப்பக்கம் சாய்ந்தே பறந்து தென்னையில் போய் உட்கார்ந்தது. இன்னொன்று நகர்ந்து இடம் விட்டது. அனீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சருகுத் தூசி என்று ஸ்தனிஸ்லாஸிடம் சொன்னான். அவர் தன்னுடையதையும் துடைத்துக்கொண்டு, ஆமாம், தூசி அதிகம்தான் என்றார்.

சித்திரை நடுவில் ஒருநாள் வள்ளிக்கண்ணு கூப்பிட்டார். "குஞ்சு பறந்துருச்சு. இனிமே உங்க பொம்மையை விடறதுன்னா விடுங்க. மத்தவங்களுக்கும் காட்டறேன்னு சொல்லி வச்சிருக்கேன், அதனால கண்டிப்பா வாங்க."

போனார்கள். தோப்பின் மேற்குப் பக்கம், தென்னைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். காட்டுவதாகச் சொல்லி வைத்திருந்த மற்றவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் வள்ளிக்கண்ணு மட்டும்தான் இருந்தார். முறிந்த கையை மாற்றிச் சரிசெய்த ட்ரோனை அனீஸ் மெதுவாக நேர்மேலே ஏற்றி நிறுத்தினான். காகிள்ஸை அவருக்கு மாட்டிவிட்டு, அவன் ட்ரோனைக் கண்ணால் பார்த்து ஓட்டினான்.

வள்ளிக்கண்ணு வரப்பில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தார். என்ன தெரிகிறதென்று அனீஸ் கேட்டான்.

"கிழக்கு மூலைல எல பழுத்துக் கெடக்கு. அங்க தண்ணி ஏறவே இல்ல" என்றார். காகிள்ஸைக் கழற்றி ஸ்தனிஸ்லாஸின் கையில் கொடுத்துவிட்டு, மம்பட்டியை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார்.