அத்தை வரும் கணக்குகள்

நாத்தனாரைப் பழிவாங்க உலகத்தில் எத்தனையோ வழி உண்டு. கணக்குப் போட்டே பழிவாங்கியவள் அநேகமாக இவள் ஒருத்திதான்.

பெண்கள் இருவரையும் வீட்டில் வைத்தே படிப்பிப்பது என்று முடிவானதும் இவள் வேலையை விட்டாள். ஒற்றைச் சம்பளம் மாதம் இருபதாம் தேதிக்கு மேல் நொண்டியடித்தது. அதனால் பயிற்சிப் புத்தகம் போடும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்குகள் எழுதிக் கொடுத்தாள். பள்ளிக்கூடம், ஆபீஸ் இரண்டும் சாப்பாட்டு மேசைதான். ஒரு முனையில் ஒன்பது வயதுப் பெரியவள், எதிரே ஐந்து வயதுச் சின்னவள், நடுவில் லேப்டாப், அதன் மேல் சின்னவளின் பெயிண்ட். எந்தக் கணக்கையும் ஒரு குழந்தையிடம் கொடுத்துப் போடவைத்துப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்பது கம்பெனி விதி. மற்றவர்கள் பிள்ளை தேடி அலைந்தார்கள். இவளுக்கு அந்தக் கவலை இல்லை.

நாத்தனார் பெரிய பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு விருந்தில், பத்துப் பதினைந்து உறவுக்காரர்கள் நடுவே பெரியவளை எழுப்பி நிறுத்தினார்.

"ஏழெட்டு எவ்வளவு, சொல்லு பாப்போம்."

குழந்தைக்குத் தெரியும். வாயைத் திறப்பதற்குள் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான், நாக்கு ஒட்டிக்கொண்டது. நாத்தனார் இவள் பக்கம் திரும்பினார்.

"என்ன டீச்சரம்மா, உங்க ஸ்கூல்ல மொத்தமே ரெண்டு பேரு. முதல் ரேங்க்கே இப்படின்னா, கடைசி ரேங்க்கு கதி என்ன?"

வீடே சிரித்தது. கணவனும் சிரித்தான். பாதியில் இவள் முகத்தைப் பார்த்து, மீதியை இருமலாக மாற்றிக்கொண்டான்.

மறுநாள் பெரியவள் பென்சிலைத் தொடவில்லை. "நான் மக்காம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

'இருங்க அண்ணி, இருங்க' என்று இவள் கறுவிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தாள். அன்று அனுப்ப வேண்டிய கணக்கில் ஒரு வியாபாரி பழம் வாங்கிக்கொண்டிருந்தார். அவரைத் துரத்திவிட்டு ஓர் அத்தையை உள்ளே விட்டாள்.

'தட்டில் 12 பிஸ்கட்டுகள். "எனக்கு வேண்டாம், சும்மா ருசி பார்க்கிறேன்" என்று அத்தை நான்கில் மூன்று பங்கைச் சாப்பிட்டார். மீதி எத்தனை?'

பெரியவள் எட்டிப் பார்த்தாள். உதடு துடித்தது. "மூணு," என்றாள். "அந்தக் கடைசி மூணையும் அத்தை விடமாட்டாங்கம்மா."

விருந்துக்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. இவளுக்கு வெறி ஏறிவிட்டது. அத்தை தப்பான பஸ்ஸில் ஏறி மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் போனார். தண்ணீர்த் தொட்டியில் செருப்பைத் தவறவிட்டார். கணவன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"அடிப்பாவி, இது எங்கக்காடி!"

"கணக்குல அக்கா தங்கச்சியெல்லாம் கிடையாதுங்க. கூட்டல் கழித்தல்தான்."

கம்பெனியிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: 'அத்தை அருமை. இன்னும் நாற்பது அனுப்பவும்.' நாற்பது என்ன, நானூறுக்குச் சரக்கு இருந்தது. பெரியவள் பின்னத்தில் புலியானதே அத்தையைப் பங்குபோட்டுத்தான்.

ஏழு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் நாத்தனார் வந்தார். வாசலிலேயே பொரியத் தொடங்கிவிட்டார்.

"எங்க ஸ்கூல்ல புதுசா ஒரு கணக்குப் புக்கு வாங்கியிருக்காங்க. எந்தக் கிறுக்கு எழுதினாளோ! பக்கத்துக்குப் பக்கம் ஒரு அத்தை. பசங்க என்னைப் பாத்தாலே சிரிக்கிறாங்க."

"ஐயையோ! ஏன் அண்ணி?" பிஸ்கட் தட்டை நீட்டினாள். உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

நாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னார். "'அத்தை கால் மணி நேரத்துக்கு நாலு குறை சொன்னார். மூன்று மணி நேரத்தில் சொன்னவற்றில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளைப் பற்றி. அவை எத்தனை?' போர்டுல எழுதிட்டுத் திரும்பறேன், நாப்பது பசங்களும் சிரிக்கிறாங்க. எனக்கு விடையே வரலம்மா. இருபது வருஷ டீச்சர், சாக்பீஸோட அப்படியே நின்னுட்டேன்."

குரல் உடைந்தது. இவள் ஏழு மாதமாகக் காத்திருந்தது இதற்குத்தான். ஆனந்தம் தொண்டை வரை வந்தது. வந்து அங்கேயே நின்றது.

"பதினாறு, அத்தை," என்றாள் மேசை முனையிலிருந்து பெரியவள்.

நாத்தனார் திரும்பினார். "பேப்பர் இல்லாமலா?"

"அதை முதல்ல போட்டதே நான்தானே. அம்மா எழுதினா நான் போட்டுப் பாக்கணும்."

வைத்த வெடி இவள் கையிலேயே வெடித்துவிட்டது. சின்னவள்கூடப் பெயிண்ட் அடிப்பதை நிறுத்தினாள்.

பெரியவள் எழுந்துவந்து அத்தை பக்கத்தில் நின்றாள். "சுத்தி நின்னு சிரிச்சா எனக்கும் வராது அத்தை. ஏழெட்டு அம்பத்தாறு. அன்னிக்கும் தெரியும்."

நாத்தனாரின் கை தன் பாட்டுக்குத் தட்டிலிருந்த கடைசி பிஸ்கட்டை எடுத்தது. பாதி வழியில் என்ன நினைத்தாரோ, அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

பெரியவள் அதை இரண்டாக உடைத்து ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். "ஆளுக்குப் பாதி."

நாத்தனார் தின்றுவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று, "பஸ் கணக்குல வேகம் ரொம்ப ஜாஸ்தி. நான் ஏறுற பஸ் அப்படியெல்லாம் போகாது," என்றார். அதுவும் ஒரு குறைதான்.

இவள் லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டாம் பாகத்துக்கு அத்தை கணக்குகள் வரிசையாகக் காத்திருந்தன. நெடுநேரம் யோசித்து, அவற்றிலும் கால் மணி நேரத்துக்கு நான்கு குறை என்றிருந்ததை மூன்று என்று திருத்தினாள்.

அதற்குமேல் மன்னிக்க மனசு வரவில்லை.