நன்றியுரை ஜீவானந்தம்

சுங்குவார்சத்திரம் மொழி இலக்கிய ஆய்வாளர் கழகத்தில் ஜீவானந்தத்துக்கு ஒன்பது வருஷமாக ஒரே வேலைதான்: நன்றியுரை. நன்றியுரையின் லட்சணம் நமக்குத் தெரியாதா? தலைவர் முதல் மைக்செட்காரர் வரை பெயர் சொல்லி நன்றி கூறும்போது எதிரே வெறும் நாற்காலிகள்தான் இருக்கும். சனமெல்லாம் பந்தியில் இருக்கும். கழகத்தின் காலாண்டு மடலில் 'உறுப்பினர் செய்திகள்' என்று ஒரு பக்கம் உண்டு. ஒருவருக்கு விருது, ஒருவருக்கு நூல் வெளியீடு, ஒருவருக்கு மலேசியப் பயணம் என்று வரும். இவர் மட்டும் கடைசி வரியில், 'நன்றி கூற, விழா இனிதே நிறைவுற்றது.' மனுஷருக்கு வயிறு எரியாதா?

அவரிடம் சரக்கு இல்லாமல் இல்லை. ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் இன்று கம்பெனிகள் நிற்கும் இடங்களுக்கு, வயலாக இருந்தபோது என்ன பெயர் என்று ஆறு வருஷம் சைக்கிளில் அலைந்து திரட்டிய கட்டுரை எப்போதும் பையில் இருக்கும். அதை ஒரே ஒரு தடவை நாலு பேர் முன்னால் வாசித்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆண்டு விழா அன்று காலை பதினோரு மணிக்குச் செயலாளர் சசிரேகா போனும் கையுமாக ஓடிவந்தார்.

"சார், மோசம் போயிட்டோம். சிறப்புரைக்கு வர்ற ராஜசேகர் ஐயா மறைமலை நகர்ல டவுன் பஸ்னு நெனச்சு கம்பெனி பஸ்ல ஏறித் தூங்கிட்டாராம். இப்போ கம்பெனிக்குள்ள இருக்காரு."

"எறங்கி வரச் சொல்லும்மா."

"கேட் பாஸ் இல்லாம வெளிய வுட மாட்டேன்றாங்களாம். தலைல ஹெல்மெட்ட வேற மாட்டிட்டாங்களாம். நீங்களே பேசிடுங்க சார்."

ராஜசேகருக்காக வருத்தப்பட ஜீவானந்தம் உண்மையிலேயே முயன்றார். வரவில்லை. வேட்டியை இறுக்கிக்கொண்டு மேடை ஏறி, மைக்கைப் பிடித்து, "அவையோர்க்கு வணக்கம்" என்றார். அவ்வளவுதான், மண்டபமே எழுந்துவிட்டது.

"ஏலே, ஐயா எந்திச்சிட்டாவ. சோறு ரெடியாயிட்டு, வா" என்று கம்பெனி ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த உச்சிமாகாளி பக்கத்திலிருந்தவனை இழுத்தான். ஒன்பது வருஷப் பழக்கம், சும்மாவா! எண்பது பேரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பறந்தார்கள். கழகத் தலைவர் கோதண்டராமன்தான் முதல் ஆள். இலைக்கட்டையும் அவர்களே அவிழ்த்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஜீவானந்தத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரத்தில் கூடத்திலிருந்து சமையல்காரம்மா சின்னப்பொண்ணுவின் குரல் கேட்டது.

"இன்னாத்துக்கு இப்பவே வந்து குந்திக்கினீங்க? அரிசியே இன்னும் கழுவல. ஒரு மணி ஆவும்!"

யாராவது எழுந்தார்களா? மூச்! எழுந்தால் இடம் போய்விடும், அப்புறம் இரண்டாம் பந்திதான். காலி இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

ஜீவானந்தம் வாசலில் நின்று பார்த்தார். எண்பது பேர், ஒருவரும் நகர மாட்டார்கள். இப்படி ஓர் அவை எவனுக்கு வாய்க்கும்? பையிலிருந்து கட்டுரையை உருவினார்.

"ஒரகடம் ரோட்டுல, நீலக் கூரை கம்பெனியோட மூணாம் நம்பர் கேட் இருக்கே, அந்த எடத்துக்குப் பேரு நாய்தொரத்தி மேடு."

உச்சிமாகாளி தலையைத் தூக்கினான். "எங்க கேட்டுல்லா அது! அப்ப ஆபீஸ் கட்டடம், ஐயா?"

"கழுதைப்பொரளி."

"எங்க மேனேஜர் ரூமு அங்கனதான இருக்கு!"

கூடமே குலுங்கிச் சிரித்தது. அப்புறம் அவரை விடவில்லை. ஆளாளுக்குத் தங்கள் கம்பெனி நிற்கும் இடத்தின் பெயரைக் கேட்டார்கள். தலைவர்கூட இலை ஓரத்தைக் கிழித்து அதில் பேனாவால் குறித்துக்கொண்டார். சின்னப்பொண்ணு கரண்டியோடு வந்து, "எங்க குள்ளநரிக் குண்டு வயல வுட்டுட்டியே சார்" என்று சண்டை பிடித்தாள். ஜீவானந்தம் அதையும் கட்டுரையில் எழுதிக்கொண்டார்.

ஒரு மணிக்குச் சோறு வந்தது. கூடவே கம்பெனி ஜீப்பும் வந்தது. சரிகை வேட்டியும் கழுத்தில் விசிட்டர் அட்டையுமாக ராஜசேகர் இறங்கினார்.

"சிறப்புரை முடிஞ்சிடுச்சுங்க ஐயா" என்று கையைப் பிசைந்தார் சசிரேகா. "நன்றியுரைதான் பாக்கி."

பெரிய மனிதர், பாவம், மறுக்கவில்லை. மைக்கைப் பந்திக்கே கொண்டுவரச் சொல்லி நன்றி கூற ஆரம்பித்தார். யார் கேட்டது? 'இங்க ரசம்', 'அப்பளம் வரல' என்று ஒரே கூச்சல்.

ஜீவானந்தத்துக்குப் பசி காதை அடைத்தது. இலையில் சோறு ஆவி பறக்கக் காத்திருந்தது. அவர் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, மைக்செட்காரர் பெயர் வரும்வரை ராஜசேகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் ஒருவர்தான் கைதட்டினார்.